தலைமாவு

புஸ், புஸ், புஸ். அந்தச் சத்தம்தான் ஐயா இன்னும் காதில் இருக்கிறது.

பீரங்கியைக் கேட்கிறீர்கள். பீரங்கி எத்தனையோ கேட்டாயிற்று. ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. எல்லாப் பீரங்கியும் ஒரே மாதிரிதான் கத்துகிறது. ஆனால் ஒரு கைக்குள் அடங்குகிற சின்னத் தோல் துருத்தி, அதை அமுக்கினால் மூக்கு வழியாக மாவு மூச்சுவிடுகிற சத்தம், காகிதக் கூம்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கிராட்டன்ஸ்டைன் இளவரசர் எபர்ஹார்ட் காசிமிர் இருமுகிற இருமல். அதுதான் அவருடைய வாழ்க்கை. நீங்கள் அதைத்தானே எழுதப் போகிறீர்கள்?

சத்திரத்தில் குதிரை மாற்றும்போது வண்டிக்காரனிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. மறைந்த இளவரசரின் வரலாற்றை எழுத அரண்மனையிலிருந்து உங்களை வரச் சொல்லியிருக்கிறார்களாமே. நல்ல நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். அரண்மனையில் இருக்கிறவர்கள் எல்லாரும் அவரை முன்னாலிருந்து பார்த்தவர்கள். முன்னாலிருந்து பார்த்தால் எந்த இளவரசரும் இளவரசர்தான். நான் முப்பது வருஷம் பின்னால் நின்றவன்.

என் பெயர் எங்கல்பெர்ட். எழுதிக்கொள்ளுங்கள். இளவரசரின் தலை அலங்காரக்காரன். முடி வெட்டுகிறவன் என்று எழுதிவிடாதீர்கள், அந்தத் தப்பு எல்லாரும் செய்கிறது. வெட்டுவதற்கு அவர் தலையில் என்ன இருந்தது?

இந்தப் பெட்டியா? சொல்கிறேன், சொல்கிறேன். மடியிலேயே இருக்கட்டும். பாதை மோசம்.

முதலிலிருந்து வருகிறேன். எங்கள் இளவரசர் மூன்றாவது மகன். முதல் மகனுக்கு நாடு, இரண்டாவது மகனுக்குத் தேவாலயம், மூன்றாவது மகனுக்குப் போர் என்று அந்த வீட்டில் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்பது வயதில் அவருக்கு ஒரு படைப்பிரிவைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார் அப்பா. நிஜப் படைப்பிரிவு. மீசை வைத்த ஆட்கள். குழந்தை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும், அவர்கள் முற்றத்தில் நடக்க வேண்டும். நின்றால் குழந்தை அழும். அதனால் நிற்கவில்லை. மழையிலும் நடந்தார்களாம்.

பதினெட்டு வயதில் முதல் போர். அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பாட்டே இருக்கிறது, நீங்கள் படித்திருப்பீர்கள். எதிரியின் பீரங்கி வரிசைக்கு நேராகக் குதிரையைப் பாய்ச்சினார், படை மொத்தமும் பின்னால் பாய்ந்தது, எதிரி ஓடினான். எல்லாம் உண்மை. குதிரை மிரண்டது என்பது மட்டும் பாட்டில் இல்லை. முன்னால் போகிறது இளவரசர் என்று படை ஓடியது, எதிரே வருகிறவன் பைத்தியம் என்று எதிரி ஓடினான். கடிவாளத்தை இழுத்து இழுத்து இளவரசருக்கு உள்ளங்கை இரண்டும் கிழிந்துபோயிற்று. அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த போருக்கு நல்ல சாதுவான குதிரையாகப் பார்த்து வாங்கினார். தோற்றார்.

அப்புறம் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போர் செய்தார். சக்கரவர்த்திக்காகச் செய்தார், டச்சுக்காரர்களுக்காகச் செய்தார், ஒரு தடவை சொந்த அண்ணனுக்கு எதிராகவும் செய்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் போர் முடிந்த மறுநாள் சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள். ஒரு முறை ஒரு பட்டாளத்தையே கடல் கடந்த ராஜா ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார். அவர்கள் எங்கே போனார்கள் என்று அரண்மனையில் கேட்காதீர்கள். மேற்குப் பக்கம் புதிதாக ஒரு மாளிகை கட்டியிருக்கிறது, பாருங்கள், வெள்ளைத் தூண்கள் வைத்து. அந்தப் பட்டாளம்தான் அது.

இதை எழுத வேண்டாம்.

நான் அவரிடம் சேரும்போது அவருக்கு முப்பது தாண்டியிருந்தது. உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. அதை மறைக்கிற டோப்பாவும், அதாவது பொய்முடியும், என் பொறுப்பு. உங்கள் தலைமுறை தலையைக் கழுவி அப்படியே காயவைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது, அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் தலை வெள்ளையாக இல்லாமல் எந்த மரியாதைக்காரனும் அறையைவிட்டு வெளியே வரமாட்டான். முதலில் பன்றிக் கொழுப்பை உருக்கி, கிராம்பும் ஆரஞ்சுப் பூவும் போட்டு வடிகட்டி, அதைத் தலையில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் மாவு பிடிக்கும். பிறகு மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, முகத்துக்குக் காகிதக் கூம்பு. பிறகு துருத்தி. புஸ், புஸ். மாவு என்றால் கோதுமை மாவு. மூன்று தடவை சலித்தது. கீழே விரித்த துணியில் விழுகிறது வேலை செய்கிறவனுக்குச் சொந்தம். அது எங்கள் தொழிலில் வழக்கம். எந்த ராஜாவும் அதில் கைவைக்க மாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன, ரொட்டியா? வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள். நான் மேல்தோலில் மாவு தூவிய ரொட்டி சாப்பிடுவதில்லை. பழக்கம், வேறொன்றும் இல்லை.

இப்போது வேர்லென் கோட்டைக்கு வருகிறேன். உங்கள் புத்தகத்தில் அதுதான் பெரிய அத்தியாயமாக இருக்கப் போகிறது.

அந்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே எங்கள் இளவரசர் தளபதி. என் தங்கை ஒத்திலியாவின் புருஷன் வெந்தெலினும் உள்ளேதான் இருந்தான். முன்வரிசைச் சிப்பாய், உயரமான பையன், வாய் மட்டும் அதைவிட நீளம். படை புறப்படும்போது ஒத்திலியா ஊர் வாசல்வரை வந்தாள். கல்யாணமாகி ஒரு அறுவடைகூட ஆகவில்லை.

"அண்ணா, அவரைப் பார்த்துக்கொள்," என்றாள்.

"நான் தலையைப் பார்த்துக்கொள்கிறவன்தானே," என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முற்றுகை என்றால் நீங்கள் பயங்கரமாக ஏதோ நினைப்பீர்கள். அப்போதெல்லாம் போருக்கு ஒரு நாகரிகம் இருந்தது. முதல் வாரமே பிரெஞ்சுத் தளபதி ஒரு ஆளைக் கொடியோடு அனுப்பினார். மேன்மைதங்கிய இளவரசர் எந்தப் பக்கத்து அறையில் தலை அலங்காரம் செய்துகொள்கிறார், சொன்னால் அந்த நேரம் அந்தப் பக்கம் சுடமாட்டோம் என்று. இளவரசருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெற்குப் பக்கம், காலை ஒன்பதிலிருந்து பத்துவரை என்று சொல்லி அனுப்பினார். அவர்களும் சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஒரு மணி நேரமும் வடக்குப் பக்கம்தான் சுட்டார்கள். வடக்குப் பக்கம் சிப்பாய்கள் இருந்தார்கள்.

இலையுதிர்காலம் முடிகிறதற்குள் உணவு முடிந்துவிட்டது. முதலில் மாடு, பிறகு குதிரை, பிறகு நாய். அதற்கப்புறம் கறிக்கடைக்காரனிடம் என்ன கறி என்று யாரும் பெயர் கேட்கவில்லை. ரொட்டியில் மரத்தூள் கலந்தார்கள். அப்போதுதான் வெந்தெலின் சமையல் கட்டுப் பக்கம் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மச்சான், இளவரசர் தலையை அப்படியே அடுப்பில் ஏற்றினால் எத்தனை பேருக்குக் கொழுக்கட்டை வரும்?"

"வாயை அடக்கு, மாப்பிள்ளை."

"இல்லை, யோசித்துப் பார். மாவு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, கிராம்புகூடப் போட்டிருக்கிறாய். உள்ளே பூரணம்தான் ஒன்றும் இல்லை."

சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். பசித்த வயிற்றோடு சிரித்தால் வலிக்குமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையைப் பற்றி அப்படிப் பேசுவதா?

அந்த வாரம் அதிகாரிகள் எல்லாரும் இளவரசரின் அறைக்கு வந்தார்கள். நான் துருத்தி போட்டுக்கொண்டிருந்தேன். மூத்த கர்னல் பேசினார். "பிரபு, ரொட்டி மாவு தீர்ந்துவிட்டது. இப்போதே பேசினால் நல்ல நிபந்தனை கிடைக்கும். பட்டினி என்று அவர்களுக்குத் தெரிந்துபோனால் கிடைக்காது."

இளவரசர் கூம்புக்குள்ளிருந்து பேசினார். கிணற்றிலிருந்து பேசுகிறது மாதிரி இருக்கும். "நமக்கு மாவு இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

கர்னல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"மலைமேல் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். அதில் என்ன தெரியும்? நம் ஆட்களின் வயிறா தெரியும்? தலை தெரியும். தலையில் மாவு இருந்தால் மூட்டையில் மாவு இருக்கிறது என்று நினைப்பான். தின்ன மாவு இல்லாதவன் தலைக்கு மாவு போடுவானா?" கூம்பை எடுத்தார். புருவமெல்லாம் மாவு. "அதிகாரிகளின் மாவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள். காவலுக்குப் போகிற ஒவ்வொருவனும் வெள்ளைத் தலையோடு போக வேண்டும்."

இப்படி ஒரு யோசனை யாருக்கு வரும், சொல்லுங்கள்? இதை அப்படியே எழுதுங்கள்.

அன்றைக்கு என்னைத் தலைமாவுக் காப்பாளனாக நியமித்தார்கள். சாவி என் இடுப்பில். காலையில் சிப்பாய்கள் வரிசையில் நிற்பார்கள், நான் துருத்தியோடு போவேன். தொப்பியைக் கழற்று, புஸ், அடுத்த ஆள். கர்னல்கூட என்னிடம் வந்து, "எங்கல்பெர்ட், எனக்குக் கொஞ்சம் தாராளமாக," என்பார். கண்டிப்பாக இருந்தேன். முப்பது வருஷத்தில் நான் ஆள்மாதிரி நடமாடியது அந்தக் குளிர்காலம்தான்.

ஆனால் பாருங்கள், காலையில் வெள்ளையாகப் போகிறவர்கள் மதியம் கறுப்பாக வருகிறார்கள். காற்று என்று முதலில் நினைத்தேன். காற்றில்லை. பாசறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு பெரிய தட்டு. சுற்றி உட்கார்ந்து ஒருவன் தலையை ஒருவன் சீப்பால் வாரிக்கொண்டிருக்கிறார்கள். மாவு, கொழுப்பு, பேன், எல்லாம் தட்டில். அதைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிளறிக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். யாருடைய யோசனை? வேறு யார், என் மாப்பிள்ளைதான்.

"வா மச்சான், நீயும் ஒரு வாய் குடி. உன் கைமணம்," என்றான்.

நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோட்டைப் பண்டத்தைத் திருடினான் என்று அவனைத் தூக்கில் போட்டிருப்பார்கள். தங்கை புருஷன் என்று விட்டேன். இதையும் எழுதுங்கள்.

புகார் சொல்லவில்லை, ஆனால் வேலை நடக்க வேண்டுமே. இளவரசர் கேட்டுவிட்டார், "எங்கல்பெர்ட், மதியக் காவல் ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்று. மாவோ குறைந்துகொண்டே வருகிறது. அப்போதுதான் எனக்குத் தேவாலயத்து பிளாஸ்டர் நினைவுக்கு வந்தது. கூரையில் தேவதைகளும் பூவேலையும் செய்ய வாங்கி வைத்த பிளாஸ்டர் பொடி, மூட்டை மூட்டையாக. போர் வந்ததும் கொத்தனார்கள் விட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. அதைச் சலித்து மாவில் கலந்தேன். புதிதாக நான் கண்டுபிடித்ததில்லை. பெரிய நகரங்களில் டோப்பாக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர் செய்கிறதுதான். முதலில் பாதிக்குப் பாதி. பிறகு கொஞ்சம் அதிகம்.

இளவரசருக்கு இல்லை. சே, அவருக்குத் தனி மூட்டை. சுத்தக் கோதுமை.

எல்லாரிடமும் சொன்னேனா என்றா கேட்கிறீர்கள்? எதற்குச் சொல்ல வேண்டும்? தலைக்குக் கொடுத்ததைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் என்ன, தின்னச் சொல்லியா கொடுத்தேன்?

அடுத்த நாளே மதியக் காவல் பளபளத்தது. கொழுப்போடு சேர்ந்து நன்றாக ஒட்டியது, வாரினாலும் முழுதாக வரவில்லை. இளவரசர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "இன்றைக்கு நம் ஆட்கள் சலவைக்கல் சிலை மாதிரி இருக்கிறார்கள்," என்றார். அப்படி ஒரு பாராட்டு வாங்கிய வேலைக்காக ஒத்திலியாவைத் தவிர வேறு யார் என்னிடம் கோபித்துக்கொள்ள முடியும்?

பிறகு ஒரு காலை வெந்தெலின் வரிசை முடிந்தும் போகாமல் நின்றான். கன்னம் உள்ளே போய்விட்டது. வாய் மட்டும் குறையவில்லை.

"மச்சான், ஒன்று கேட்பேன், திட்டாதே. இளவரசருக்குப் போடும்போது துணியில் விழுமே, அதில் ஒரு பிடி கொடு."

"அது என் தொழில் உரிமை, மாப்பிள்ளை."

"தெரியும். நீ அதில் ரொட்டி சுட்டுத் தின்கிறாய் என்பதும் தெரியும். வாசனை வருகிறது. ஒரு பிடிதான். ஒத்திலியாவுக்கு நான் எலும்பாகப் போய் நின்றால் அடையாளம் தெரிய வேண்டாமா?"

நீங்களே சொல்லுங்கள். இவனுக்கு ஒரு பிடி கொடுத்தால் நாளைக்குக் கர்னல் வருவார், அதற்கு மறுநாள் பாதிரியார் வருவார். சொந்தக்காரன் என்று கொடுத்தான் என்று பெயராகும். கொடுக்கவில்லை.

"அப்படியென்றால் என் தலையில் இன்னும் இரண்டு தடவை ஊது," என்றான்.

அது சரி. அது தலைக்குத்தானே. பொது மூட்டையிலிருந்து தாராளமாக ஊதினேன். இரண்டு இல்லை, அதற்கு மேலேயே. என் தங்கைக்காக.

"நல்ல மாவுதானே, மச்சான்? நாலைந்து நாளாக வாயில் மணல் மாதிரி கரகரக்கிறது."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என் மாவைப் பற்றியா? "ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் இதைவிட வெள்ளையான மாவு கிடையாது," என்றேன்.

பொய் இல்லை, ஐயா. யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"நீ சொன்னால் சரி," என்றான். கழுத்தை அசைக்காமல், ஒரு துளி சிந்தாமல், நிறைகுடம் சுமக்கிறவன் மாதிரி பாசறைப் பக்கம் நடந்து போனான்.

மறுநாள் அவனுக்கு வயிறு வீங்கிவிட்டது. இன்னும் சில பேருக்கும். கல் மாதிரி இருந்ததாம். படை வைத்தியர் லாம்பெர்ட் எலிக்கறி என்றார். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்களாம். கேட்கக் கேட்கக் கொடுத்தார்களாம்.

நான் போய்ப் பார்த்தேனா? போகத்தான் இருந்தேன். அன்று இளவரசருக்குக் காதோரச் சுருள் இரண்டும் நிற்கவில்லை. ஈரக் காற்று. கொழுப்பு இளகிப் போயிருந்தது. அதைச் சரிசெய்து முடிக்கும்போது, வெந்தெலின் போய்விட்டான் என்று ஒரு ஆள் வந்து சொன்னான்.

கோட்டை இடுகாடு வடக்குச் சரிவில். மலையிலிருந்து பார்த்தால் உள்ளங்கை மாதிரி தெரியும். இளவரசர் என்னைக் கூப்பிட்டு, "அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செத்தவன் தலையும் சரியாக இருக்கட்டும்," என்றார். என்ன ஒரு கவனம் பாருங்கள். பெட்டி கிடையாது, பலகைகள் எல்லாம் எரித்தாயிற்று. மிஞ்சியிருந்த ஒரு பலகையில் கிடத்தியிருந்தார்கள். நானே கொழுப்புத் தடவி, நானே ஊதினேன். வெந்தெலின் தலைமுடி பழுப்பு நிறம், அடர்த்தி, நல்ல சுருள். அவ்வளவு நல்ல தலையை இளவரசருக்குக் கொடுத்திருக்கலாம் கடவுள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது?

தூக்கிக்கொண்டு போகும்போது மழை பிடித்தது. பனிமழை இல்லை, நிஜ மழை. குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் தூக்கினவர்கள் தலையெல்லாம் இறுகிவிட்டது. கோதுமை மாவாக இருந்தால் கரைந்து முகத்தில் ஒழுகியிருக்கும். இது நின்றது. ஒருவனுக்குத் தொப்பி கழன்று வரவில்லை. ஒரு கிழவன் தலையைச் சொறியப் போய், விரலால் தட்டிப் பார்த்து, சுற்றிப் பார்த்தான். வேறு நாளாக இருந்தால் வெந்தெலின் அதைப் பற்றி ஒரு மாதம் பேசியிருப்பான்.

வைத்தியர் லாம்பெர்ட் பக்கத்தில் நின்றவனின் தலையில் விரல் முட்டியால் தட்டினார். கதவைத் தட்டுகிறது மாதிரி. டொக், டொக். பிறகு என்னிடம் வந்தார்.

"எங்கல்பெர்ட், இதில் என்ன கலக்கிறாய்?"

"அது தொழில் ரகசியம், டாக்டர்."

"இதைத்தான் காய்ச்சிக் குடித்தார்களா?"

"நான் குடிக்கச் சொன்னதில்லை."

அவர் அப்படியே மண்மேட்டில், அந்தச் சேற்றில், சீருடையோடு உட்கார்ந்துவிட்டார். படித்த மனிதர். பொறாமை, வேறென்ன. எலி என்று சொன்னது தப்பாகப் போயிற்றே.

நேராக இளவரசரிடம் போய்ச் சொன்னார். நான் அங்கேதான் இருந்தேன், மாலை விருந்துக்காகத் துணி விரித்துக்கொண்டு. இளவரசர் பொறுமையாகக் கேட்டார். "வருத்தமான விஷயம். ஆனால் தலைகள் நன்றாகத் தெரிகின்றன அல்லவா?" என்றார். வைத்தியர் போய்விட்டார். அப்போது நான் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. என் கடமை. "பிரபு, தங்கள் தனி மூட்டை இன்றோடு சரி. நாளை முதல் தங்களுக்கும் பொது மூட்டைதான்," என்றேன்.

இளவரசர் ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை.

"முரசறைவோனைக் கூப்பிடு," என்றார்.

சமாதானம் பேச வரலாம் என்று மதில்மேல் முரசு அடித்தார்கள். உங்கள் புத்தகத்தில், வீரர்களின் துன்பத்தைக் கண்டு மனம் இளகி என்று வரும். வரட்டும். அப்படித்தான் எழுத வேண்டும்.

மரியாதைக்குக் குறைவில்லை. கொடி பறக்க, முரசு முழங்க, வாசல் வழியாக நடந்து வந்தோம். எல்லாத் தலையும் வெள்ளை. பிரெஞ்சுத் தளபதி இளவரசரின் வாளை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு விருந்து. நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். வெள்ளை ரொட்டி குவித்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி சொன்னார், "எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டீர்கள், இளவரசே. இலையுதிர்காலத்திலேயே நல்ல நிபந்தனையோடு ஆள் அனுப்பலாம் என்றிருந்தேன், எங்கள் ஆட்களுக்கும் வீட்டு நினைப்பு. தொலைநோக்கியில் உங்கள் சிப்பாய்களின் தலையைப் பார்த்தேன். இவ்வளவு மாவு இருக்கிறவர்கள் எங்கே பேசப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்."

இளவரசர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எழுதிக்கொண்டீர்களா?

வேர்லெனுக்காக அவருக்குப் பெரிய பதவி கிடைத்தது. கோட்டையைக் கொடுத்துவிட்டு வந்தவருக்குப் பதவியா என்று நீங்கள் கேட்கலாம். அழகாகக் கொடுத்துவிட்டு வந்தார். அதுதான் வித்தியாசம். அதற்கப்புறம் அவர் போருக்கே போகவில்லை. மேற்கு மாளிகையில் உட்கார்ந்து, அந்தப் போரை விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எதிரிகள் அதிகமானார்கள். போன மாதம் வாத்துக்கறி சாப்பிடும்போது ஒரு எலும்பு தொண்டையில் குறுக்கே நின்றது. அவ்வளவுதான்.

என் மனக்குறை ஒன்றே ஒன்று. சரணடைந்த காட்சியை ஒரு ஓவியரைக் கூப்பிட்டுச் சுவர் முழுக்க வரைய வைத்தார்கள். நாளைக்குப் போனால் பார்ப்பீர்கள். வாள், கொடி, குதிரை, பிரெஞ்சுத் தளபதியின் சட்டைப் பொத்தான்வரைக்கும் எல்லாம் இருக்கிறது. இளவரசர் தலையில் தொப்பி வரைந்து வைத்திருக்கிறான் அந்த ஆள். தொப்பி. எதற்காக அந்தக் கோட்டை அவ்வளவு நாள் நின்றதோ அது படத்தில் இல்லை. சிப்பாய்கள் தூரத்தில் இருக்கிறார்கள், புள்ளி புள்ளியாக. அவர்களுக்கும் தொப்பி. அதனால்தான் ஐயா உங்களிடம் கேட்கிறேன். ஒரு வரி போதும். கோட்டையின் தலைமாவு எங்கல்பெர்ட்டின் பொறுப்பில் இருந்தது என்று.

ஏன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டீர்கள்? ரொட்டியையும் அப்படியே வைத்துவிட்டீர்கள். பாதை குலுக்குகிறதா?

இந்தப் பெட்டியைக் கேட்டீர்கள். இளவரசர் உயிலில் எனக்கு எழுதி வைத்தது. சரணடைந்த அன்று விருந்துக்குப் போட்டிருந்த டோப்பா. வேர்லெனில் துணியில் விழுந்து எனக்கு மிஞ்சியிருந்த சுத்தக் கோதுமை மாவை ஊதி நான் அலங்கரித்தது, இன்னும் ஒரு சுருள் கலையவில்லை. இதைக் கொண்டுபோய் ஒத்திலியாவிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஊரில் இறங்கி ஆற்றோரமாகப் போனால் இரண்டாவது தெரு. அவள் புருஷனும் சேர்ந்து காப்பாற்றிய தலை அல்லவா, அவளுக்கும் ஒரு ஞாபகம் வேண்டாமா? போன தடவைகள் எல்லாம் கதவைத் திறக்கவில்லை. உள்ளே அந்தப் பக்கம் நிற்கிறாள், எனக்குத் தெரியும், மூச்சு கேட்கும். அப்போதெல்லாம் நான் வெறுங்கையோடு போனேன். இந்தத் தடவை அப்படி இல்லையே.

அவள் ஒரு காரியம் செய்தாள், அதையும் கேளுங்கள். சமாதானம் ஆன மறுவருஷம் ஒரு மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு தனியாக வேர்லெனுக்குப் போனாள். வடக்குச் சரிவில் தோண்டி வெந்தெலினை எடுத்து, ஊருக்குக் கொண்டுவந்து, தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தாள். கூடப் போன வண்டிக்காரன் என்னிடம் சொன்னான். உடம்பெல்லாம் அடையாளம் தெரியவில்லையாம், ஒத்திலியா தலையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாளாம். நான் வைத்த சுருள் அப்படியே இருந்ததாம். முழுக்க வெள்ளை.

வெந்தெலினுக்கு வயது இருபத்தாறு.